ஆள் இல்லாத இடங்களில் ஒரு விளையாட்டு



இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் படுக்கையை விரிக்கிறார்கள். கூடத்தின் மூலையில் பையன் மட்டும் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறான். பாட்டி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். திரையில் துப்பாக்கி இல்லை. கார் பந்தயம் இல்லை. காற்பந்தும் இல்லை. வெள்ளை ஓடு பதித்த பெரிய பெரிய அறைகள். அறைக்கு அறை நீச்சல் குளம்போலத் தெளிந்த தண்ணீர். ஓர் ஆள்கூட இல்லை. பையன் அந்தத் தண்ணீருக்குள் மெல்ல நடந்துகொண்டே இருக்கிறான்.

"என்னய்யா இது? ஒருத்தரையும் காணோமே! யாரோடதான் விளையாடுறே?"

"யாரோடயும் இல்ல பாட்டி. சும்மா நடந்து பார்க்கிறதுதான் விளையாட்டு."

"பார்த்தாலே வயித்தைக் கலக்குதே! இதைப் போய் ராத்திரியில விளையாடுவாங்களா?"

இத்தகைய பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. பாட்டி கேட்டது நியாயமான கேள்விதான். எதிரி இல்லை, துணை இல்லை என்றால் அதில் என்ன விளையாட்டு இருக்கிறது? பயம் வருகிறது என்று தெரிந்தும் பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள்? பெற்றோராகிய நாம் இதைத் தடுப்பதா, விடுவதா? இந்த மூன்று கேள்விகளையும் இன்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி, இது என்ன விளையாட்டு என்பது.

ஆள் இல்லாத இடத்தில் சுற்றித் திரியும் கணினி விளையாட்டு நேற்று முளைத்ததன்று. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் சகோதரர் இருவர் ‘மிஸ்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஆளரவமற்ற ஒரு தீவு. அங்கே ஒரு நூலகம், ஒரு கப்பல், சில விசித்திரமான கருவிகள். அங்கு வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது 60 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2008இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டான் பின்ச்பெக் என்பவர், ஓர் ஆராய்ச்சி முயற்சியாக ‘டியர் எஸ்தர்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஒரு தனித் தீவில் நடப்பது மட்டுமே அதில் வேலை. சுடவும் முடியாது, எதையும் எடுக்கவும் முடியாது. நடக்க நடக்க ஒருவரின் குரல் துண்டு துண்டாகக் கதை சொல்லும். ‘இது விளையாட்டா, வெறும் நடைப்பயிற்சியா?’ என்று அன்று பலர் கேலி செய்தார்கள். ஆயினும் அது 2012இல் விற்பனைக்கும் வந்தது. அதைப் பின்பற்றி வேறு பலவும் வந்தன.

இதற்கு ஒரு புதிய திருப்பம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்பட்டது. இணையத்தில், பெயர் சொல்லாத ஒருவர் ஒரு புகைப்படத்தைப் போட்டார். படத்தில் இருந்தது ஒரு காலி அறை. மஞ்சள் நிறச் சுவர்த்தாள், கம்பளம் விரித்த தரை, மேலே குழல் விளக்குகள். தடுப்புச் சுவர்களுக்கு அப்பால் இன்னும் அறைகள் இருப்பது தெரிகிறது, மனிதர்தாம் இல்லை. ‘கவனக்குறைவாக நாம் வாழும் உலகத்திலிருந்து நழுவி விழுந்தால் இந்த இடத்துக்கு வந்து சேருவோம், இது 60 கோடி சதுர மைல் பரப்புள்ளது’ என்னும் பொருள்பட, பெயர் சொல்லாத இன்னொருவர் அதற்குச் சில வரிகள் எழுதினார். பூமி முழுவதன் பரப்பே, கடலையும் சேர்த்து, 20 கோடி சதுர மைலுக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கற்பனையின் அளவு விளங்கும். பூமியைப்போல் மூன்று பங்கு பெரிய காலி வீடு! அந்தக் கற்பனை இடத்துக்குப் ‘பேக்ரூம்ஸ்’, அதாவது பின்னறைகள், என்று பெயர் நிலைத்தது. 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அந்த அறைகளைக் கணினியில் உருவாக்கி ஒரு குறும்படமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 16. அதன்பின் இந்தப் பின்னறைகளை வைத்துப் பலரும் விளையாட்டுகள் செய்தார்கள்.

இந்த வகையில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் இரண்டு விளையாட்டுகளை மட்டும் பார்ப்போம்.

ஒன்று ‘தி எக்சிட் 8’. எட்டாம் வெளிவழி என்று பொருள். 2023 நவம்பரில் வந்தது. ஜப்பானில் ‘கோடாகே கிரியேட்’ என்ற பெயரில் இயங்கும் ஒருவர் தனியாளாகச் செய்தது. இடம், ஜப்பானிய நிலத்தடி ரயில் நிலையத்தின் ஒரு நடைபாதை. வெள்ளை ஓடு பதித்த சுவர், சில சுவரொட்டிகள், சில கதவுகள். எதிரே கைப்பையோடு ஒரே ஓர் ஆள் நடந்து வருகிறார். நம்மைக் கடந்து போகிறார். பாதையின் மூலையில் திரும்பினால் மறுபடியும் அதே பாதை, அதே சுவரொட்டி, அதே ஆள்! விதி மிக எளிது. பாதையில் ஏதாவது மாறியிருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் முன்னே போக வேண்டும். சரியாக முடிவெடுத்தால் பலகையில் உள்ள எண் ஒன்று கூடும்; தவறினால் மீண்டும் பூஜ்யம். எட்டுக்கு வந்தால் வெளியே போகும் படிக்கட்டு கிடைக்கும். மாற்றம் சில வேளை கண்ணை உறுத்தும். சில வேளை மிகச் சிறிதாக இருக்கும். 2025இல் கென்கி கவாமுரா என்ற இயக்குநர் இதை ஜப்பானில் முழுநீளத் திரைப்படமாகவும் எடுத்தார்; அது பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

மற்றொன்று ‘பூல்ஸ்’. 2024 ஏப்ரலில், பின்லாந்தைச் சேர்ந்த ‘டென்சோரி’ என்ற சிறு குழு வெளியிட்டது. பாட்டி எட்டிப் பார்த்தது இதைத்தான். இதில் நம்மைத் துரத்தும் பூதம் கிடையாது. பேச்சுக் கிடையாது. பின்னணி இசையும் கிடையாது. காலடி ஓசையும் தண்ணீர் சலசலக்கும் ஓசையுமே கேட்கும். குளக்கூடத்துக்குப் பின் குளக்கூடமாக வழியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். யாருமே இல்லை, எதுவுமே நடக்கவில்லை. பிறகு பயம் எங்கிருந்து வருகிறது?

இத்தகைய இடங்களை ஆங்கிலத்தில் ‘லிமினல்’ இடங்கள் என்கிறார்கள். ‘லிமென்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு வாசற்படி என்பது பொருள். 1909இல் அர்னால்டு வான் கென்னப் என்ற மானிடவியல் அறிஞர், மனித வாழ்வின் சடங்குகளை ஆராய்ந்து எழுதிய நூலில் இந்தச் சொல்லை ஆண்டார். பழைய நிலையை விட்டாயிற்று, புதிய நிலையை இன்னும் அடையவில்லை. அந்த இடைப்பட்ட நிலைதான் அவர் சொன்ன வாசற்படி நிலை. மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தாலி ஏறும் வரை அவள் முழுதும் பிறந்த வீட்டுப் பெண்ணும் அல்லள், புகுந்த வீட்டுப் பெண்ணும் அல்லள். வாசற்படியில் உட்காராதே, வாசற்படியில் நின்றுகொண்டு எதையும் கொடுக்காதே, வாங்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், அது உள்ளும் இல்லாத வெளியும் இல்லாத இடம் என்பதால்தானே? நரசிம்மர் இரணியனை வதம் செய்ததும் அந்த இடத்தில்தான்.

நடைபாதை, படிக்கட்டு, பேருந்து நிலையம், மருத்துவமனைத் தாழ்வாரம் எல்லாம் இத்தகைய வாசற்படிகளே. யாரும் அங்கே குடியிருப்பதில்லை, கடந்து போகிறோம். அங்கே கூட்டம் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தோன்றாது. கூட்டம் போன பிறகுதான் உறுத்துகிறது. பள்ளி விடுமுறையில் ஏதோ ஒரு வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அதே வகுப்பறை, அதே நாற்காலி. ஆனால் பிள்ளைகளின் இரைச்சல் இல்லை. நம் காலடி ஓசை நமக்கே பெரிதாகக் கேட்கும். திருவிழா முடிந்த மறுநாள் கோயில் திடலும் அப்படித்தான்.

இதை அறிவியலும் கவனித்திருக்கிறது. மனிதனைப்போல இருந்தும் முழுதும் மனிதனாகாத இயந்திரப் பொம்மையைக் கண்டால் நமக்கு ஒருவகை அருவருப்பும் அச்சமும் தோன்றும் என்று 1970இல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் எழுதினார். இடங்களுக்கும் இது பொருந்துமா என்று 2022இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் சோதித்தார்கள். பார்த்துப் பழகிய இடத்தின் அமைப்பில் ஏதோ ஒன்று பிறழ்ந்திருந்தால் அந்த இடம் அமானுஷ்யமாகத் தோன்றுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அறிமுகமே இல்லாத இடத்தைவிட, அறிந்த இடம் கொஞ்சம் கோணலாவதுதான் நம்மை அதிகமாக உறுத்துகிறது.

விளையாட்டைச் செய்பவர்கள் இதை நன்றாக அறிந்தே செய்கிறார்கள். அவர்களுடைய உத்திகள் மூன்று.

முதலாவது ஓசை. பழைய குழல் விளக்கின் கீழ் நின்றால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முரல்வு கேட்கும். அது அதன் சோக்கிலிருந்து வருவது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகளாகத் திசைமாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சோக்கின் உள்ளே உள்ள இரும்புத் தகடுகள் இரண்டு முறை அதிர்கின்றன. ஆகவே வினாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஓசை எழுகிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்றுகளாக ஓடுவதால் அங்கே அது 120. பகலில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஓசை நம் காதில் ஏறாது. பேச்சு நின்றால்தான் கேட்கும். ஆகவே அந்த ஓசையை மட்டும் கேட்கச் செய்தால், இங்கே யாரும் இல்லை என்பதை மூளை தானே முடிவு செய்துகொள்கிறது.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வருதல். மூலையில் திரும்பியவுடன் பின்னால் உள்ள பாதை நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கணினி அதே பாதையை மறுபடியும் நமக்கு முன்னே வைத்துவிடலாம். எவ்வளவு நடந்தாலும் ஒரே இடம்! 2014இல் ஜப்பானில் ஹிடேயோ கோஜிமாவின் குழு வெளியிட்ட ‘பி.டி.’ என்ற சிறு விளையாட்டு இந்த உத்திக்குப் பேர்பெற்றது. ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு தாழ்வாரத்தை வைத்தே அது விளையாடுவோரை நடுங்கச் செய்தது.

மூன்றாவது, காட்டாமல் விடுதல். இதற்கு நம்மிடம் ஒரு பழமொழியே உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயை அவர்கள் வரைவதில்லை. மூலையை மட்டும் வரைந்து விட்டுவிடுகிறார்கள். பேயை நாமே வரைந்துகொள்கிறோம்.

பிள்ளைகள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு பயத்தைத் தொட்டுப் பார்ப்பது மனிதருக்கு எப்போதும் பிடித்த காரியம். இரவில் பேய்க்கதை சொல்லக் கேட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு தூங்கிய தலைமுறைதானே நாம்? இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளி மூடப்பட்டது. கடைத்தெரு வெறிச்சோடியது. உலகம் முழுவதும் அதே நிலை. ஆள் இல்லாத இடங்களின் படங்களை உலகெங்கும் மக்கள் மிகுதியாகத் தேடிப் பார்க்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு, வெறுமையான பள்ளிக்கூடம் கற்பனை அன்று. அவர்கள் கண்ட உண்மை. கண்டதை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை, அதை விளையாட்டில் தேடிப் போகலாம்.

மூன்றாவது கேள்வி, தடுப்பதா, விடுவதா என்பது.

கண்ணை மூடிக்கொண்டு தடுக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு விடவும் வேண்டாம். முதலில் எந்த விளையாட்டு என்று பாருங்கள். ‘பூல்ஸ்’ போன்றவற்றில் யாரும் துரத்துவதில்லை. ஆனால் பின்னறைகள் என்ற பெயரில் வருபவற்றில் கோர உருவங்கள் திடீரென்று பாய்ந்து வருபவையும் உண்டு. பெயரையும் அட்டைப் படத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறு பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் விளையாடிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது உடல்நலம். இத்தகைய விளையாட்டில் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். கண் ‘நான் நடக்கிறேன்’ என்கிறது. காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்போ ‘நான் உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருவது அது. வளைவான மலைப்பாதையில் பேருந்தில் போகும்போது வாந்தி வருவதும் இதே முரண்பாட்டால்தான். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளாக இருந்தால், விளக்குகள் மின்னி மின்னி அணையும் காட்சிகள் சிலருக்கு ஆகா, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை தூக்கத்தில் அலறினாலோ, தனியாகக் குளியலறைக்குப் போகப் பயந்தாலோ, அதைக் காற்றுக் கருப்பு என்று எண்ணிக் கலங்க வேண்டாம். அதட்டவும் வேண்டாம். அந்த விளையாட்டைச் சில நாள் தள்ளி வைத்துவிட்டு, என்ன கண்டாய் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவதுதான். ஆள் இல்லாத இடத்தின் பயம், ஆள் வந்தவுடன் பாதி போய்விடும். ‘எக்சிட் 8’ விளையாட்டில் எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பாட்டியின் கண்ணும் உதவும். அரிசியில் கல் பொறுக்கிய கண் அல்லவா அது!

நேயர்களே, மஞ்சள் அறையின் படத்தைப் பற்றி ஒரு செய்தியை இறுதியில் சொல்வதற்காக வைத்திருந்தோம். அது எந்த இடம் என்று ஐந்து ஆண்டுகளாக உலகம் தேடியது. 2024 மே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊர். முன்பு அறைகலன் கடை இருந்த கட்டடம். அதை விளையாட்டுப் பொருள் கடையாக மாற்றுவதற்காகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, 2002இல் எடுத்த சாதாரணப் படம் அது. நரகமும் இல்லை, வேறு உலகமும் இல்லை. ஒரு கடை போய், இன்னொரு கடை வருவதற்கு இடைப்பட்ட நாள். படத்தை அச்சுறுத்தும் படமாக ஆக்கியது, அதன் கதையைச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லாமற் போனதுதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம்மில் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. சில இடங்களில் லயத்து வீடுகள் ஆளில்லாமல் நிற்கின்றன. பெரட்டுக் களத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் காரில் போகும்போது, "அந்தப் பாழடைஞ்ச வீடு பேய் வீடா அப்பா?" என்று பிள்ளை கேட்கிறது. நாம் என்ன பதில் சொல்கிறோம்? பேசாமல் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டால், பிள்ளைக்கு அது பேய் வீடாகவே நின்றுவிடும். காரை நிறுத்தி, இது உன் பாட்டி பிறந்த வீடு, அதோ அதுதான் ஆயாக்கொட்டகை, உன் அத்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் பாட்டி பால் வெட்டப் போவார், இந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் தாத்தா சம்பளத்தை எண்ணிப் பார்ப்பார் என்று சொன்னால், அந்த இடத்தில் ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள்.

பதினாறு வயதுப் பையன் ஒருவன் இல்லாத அறைகளைக் கணினியில் கட்டி உலகத்துக்குக் காட்டினான் என்றால், நம் பிள்ளைகள் இருந்த வீடுகளைக் கட்டிக் காட்ட முடியாதா? அதற்கு முதலில் அந்த வீட்டில் எத்தனை அறை, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தவர் நம் கூடத்திலேயே இருக்கிறார். இன்றிரவு அந்தப் பையனின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பாட்டியை உட்கார வையுங்கள். முதலில் அவன் தன் காலி அறைகளைப் பாட்டிக்குச் சுற்றிக் காட்டட்டும். பிறகு பாட்டி தம்முடைய அறைகளை அவனுக்குச் சுற்றிக் காட்டட்டும்.